கொழிஞ்சாம்பாறையிலிருந்து சைபர் செக்யூரிட்டி: எந்த டிகிரி, எல்லைக்கு எந்தப் பக்கம்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அது குறையாகிவிடுமோ என்று பயம். இப்போது ப்ளஸ் டூ, கணக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸும் உள்ள குரூப். "சைபர் செக்யூரிட்டி டிகிரிதான் படிப்பேன்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். கோயம்புத்தூரில் சேர்ப்பதா, கேரளத்திலேயே சேர்ப்பதா? அதற்குள் ஒரு பயிற்சி நிலையத்துக்காரர் போன் செய்து, ஒரு லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் 'எதிக்கல் ஹேக்கர்' (அனுமதியோடு ஹேக் செய்து ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவர்) ஆக்கி வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படுமா என்பது மாமியாரின் கேள்வி. எந்த லேப்டாப் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

நானும் சித்தூர் தாலுகாக்காரன்தான் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல). கொச்சியில் இதே துறையில் வேலை. புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். நல்ல கல்லூரியில் மெரிட்டில் சாதாரண கம்ப்யூட்டர் சயன்ஸ் பி.டெக் கிடைத்தால் அதை எடுங்கள். சைபர் செக்யூரிட்டி என்று பெயர் போட்ட டிகிரிக்காக அதைவிட மட்டமான கல்லூரிக்குப் போக வேண்டாம். ஒரே தரத்தில் இரண்டும் கிடைத்தால், சிலபஸைப் பார்த்த பிறகு மகள் இஷ்டப்படி விடலாம். இன்டர்வியூவில் சர்டிபிகேட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. "பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால், பக்கம் திறக்கும் வரை என்னென்ன நடக்கிறது, சொல்லு" என்று கேட்போம். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ், தொடர்பை ஏற்படுத்தும் டிசிபி ஹேண்ட்ஷேக், அந்தத் தொடர்பை ரகசியமாக்கும் டிஎல்எஸ், சர்வர், டேட்டாபேஸ் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிற பிள்ளையை எந்த டிகிரியிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வோம். பத்து டூல்களின் பெயரைச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியில் திணறுகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

காரணம் எளிது. தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறவருக்கு வரப்பு எங்கே முடிகிறது, வேலியில் எங்கே சந்து இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாமல் அதன் பாதுகாப்பை மட்டும் தனியாகப் படிக்க முடியாது.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது சுலபம். அதனால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இந்தத் துறைக்கு வரும் புதியவர்களில் நிறையப் பேர் முதலில் உட்காருவது 'சாக்' என்று சொல்லும் கண்காணிப்பு மையத்தில். ஒரு கம்பெனியின் எல்லா கம்ப்யூட்டர்களிலிருந்தும் லாக் எனப்படும் பதிவுகள் அங்கே வந்து குவியும். இரவு இரண்டே கால் மணிக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்தால் விண்டோஸ் பதிவில் 4625 என்ற எண் வரிசையாக விழுந்திருக்கிறது. யாரோ உள்ளே நுழையப் பார்த்து பாஸ்வேர்ட் தவறாகப் போயிருக்கிறது என்பது அதன் பொருள். ஒரே ஐபி முகவரியிலிருந்துதான், அதாவது நெட்டில் ஒரே இடத்திலிருந்துதான், எல்லாம் வருகிறது. ஆனால் ஆள் பெயர் மட்டும் மாறி மாறி வருகிறது. அப்படியானால் இது பாஸ்வேர்டை மறந்துபோன ஊழியர் அல்ல. ஒரே பாஸ்வேர்டை எல்லார் கணக்கிலும் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு 4624. யாரோ ஒருவர் கணக்கில் பாஸ்வேர்ட் பொருந்திவிட்டது, உள்ளே வந்துவிட்டார்கள்.

உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம். அந்த ஊழியர் இப்போது ஷிப்டில் இருக்கிறாரா, லீவிலா? லாகான் டைப் 10 என்று இருக்கிறதே, தூரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருக்கிறார்களே? அந்த ஐபி நம் விபிஎன்னுடையதா (ஊழியர்கள் வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வரும் வழி), வெளியாளுடையதா? நுழைந்த பிறகு 4720 விழுந்திருக்கிறதா, அதாவது புதிதாக ஒரு கணக்கை உருவாக்கி வைத்துவிட்டார்களா? அப்புறம் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த ஊழியரை எழுப்பி, "சார், இப்போது நீங்கள் லாகின் செய்தீர்களா?" என்று கேட்க வேண்டும். கணக்கைப் பூட்ட வேண்டும். நடந்ததை நிமிஷக் கணக்கோடு எழுதி மேலே அனுப்ப வேண்டும். சினிமாவில் வருவது போல் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடாது. பொறுமை, சந்தேகப்படும் புத்தி, தெளிவாக எழுதும் கை, இந்த மூன்றும்தான் வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் தேவைப்படும் அறிவில் பெரும்பகுதி ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்ற இரண்டு பாடங்களிலிருந்து வருகிறது.

ஆகவே எந்தக் கல்லூரியானாலும் சிலபஸைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், டிஸ்கிரீட் மேத்ஸ், ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழியில் ஆழமாக இரண்டு செமஸ்டர், இவை இருந்தே ஆக வேண்டும். இவற்றுக்கு மேலே கிரிப்டோகிராபி (செய்தியை ரகசியமாகப் பூட்டி அனுப்பும் முறை), நெட்வொர்க் செக்யூரிட்டி, வெப் அப்ளிகேஷன் செக்யூரிட்டி, டிஜிட்டல் பாரன்சிக்ஸ் (கம்ப்யூட்டரில் தடயம் தேடுவது), சைபர் சட்டம் என்று வந்தால் அது நல்ல சைபர் டிகிரி. முதல் செமஸ்டரிலேயே 'எதிக்கல் ஹேக்கிங்' என்று தொடங்கி, நெட்வொர்க்கை ஒரே பேப்பரில் முடிக்கிற சிலபஸ் என்றால் விலகி வந்துவிடுங்கள். லேபில் எத்தனை மணி நேரம், பாடம் எடுப்பவர்களில் யாராவது இந்தத் துறையில் வேலை செய்தவர்களா, மாணவர்களுக்கு சிடிஎஃப் கிளப் இருக்கிறதா என்று கேளுங்கள். சிடிஎஃப் என்பது ஒளித்து வைத்த விடையை ஹேக் செய்து கண்டுபிடிக்கும் போட்டி. கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில் உள்ள பயோஸ் என்ற மாணவர் அணி இந்தப் போட்டிகளில் பல வருஷம் இந்தியாவின் முன்னணி அணியாக இருந்திருக்கிறது. அங்கே சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அப்படி ஒரு கிளப் இருக்கிற கல்லூரியில் ஒரு பிள்ளை வகுப்பில் கற்பதைவிட அதிகமாக வகுப்புக்கு வெளியே கற்கும்.

கணக்கு வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். எல்லா வேலைக்கும் வேண்டாம். ஆனால் கிரிப்டோகிராபி பேப்பரில் கணக்கைப் பார்த்து பயந்துவிடக் கூடாது. மகளுக்கு இதைக் காட்டுங்கள். 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ முறையைப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 2 × 10 = 20. ஊருக்கே தெரிந்த பூட்டுச் சாவி 3 என்று வைத்துக்கொள்வோம். திறக்கும் ரகசியச் சாவி 7. ஏனென்றால் 3 × 7 = 21, அதை 20-ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 4 என்ற செய்தியை அனுப்ப வேண்டும். 4 × 4 × 4 = 64. 33-ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31-தான் பூட்டிய செய்தி. திறக்க வேண்டுமானால் 31-ஐ ஏழு முறை பெருக்கி 33-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். பெரிய எண்ணாயிற்றே என்று மலைக்க வேண்டாம். 33-ஆல் வகுக்கும் கணக்கில் 31-ம், அதிலிருந்து 33-ஐக் கழித்தால் வரும் மைனஸ் 2-ம் ஒன்றுதான். மைனஸ் 2-ஐ ஏழு முறை பெருக்கினால் மைனஸ் 128. அதோடு 33-இன் மடங்கான 132-ஐக் கூட்டினால் 4. செய்தி திரும்பி வந்துவிட்டது. நிஜத்தில் 33 இருக்கும் இடத்தில் 617 இலக்கமுள்ள எண் இருக்கும். அதை உடைத்து இரண்டு பகா எண்களைக் கண்டுபிடிக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் முடியவில்லை, அவ்வளவுதான் ரகசியம். இதைப் போட்டுப் பார்த்து மகளுக்கு ஒரு குதூகலம் வந்தால், துறை சரி. கொட்டாவி வந்தாலும் பரவாயில்லை, ஆடிட், பாலிசி, விசாரணை என்று இதிலேயே வேறு வேலைகள் இருக்கின்றன.

சரி, எல்லைக்கு எந்தப் பக்கம்?

நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் கோயம்புத்தூர் வந்துவிடுகிறது, பேசுவதும் தமிழ்தான், அதனால் தமிழ்நாட்டு கவுன்சிலிங் நமக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கவுன்சிலிங், எட்டாவது முதல் ப்ளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கும், வெளியே படித்திருந்தாலும் தமிழ்நாட்டுப் பூர்வீகச் சான்று வைத்திருப்பவர்களுக்கும் ஏற்பட்டது. பாலக்காட்டில் பிறந்து வளர்ந்து கேரள சிலபஸில் படித்த பிள்ளைக்குத் தாய்மொழி தமிழ் என்பது அங்கே கணக்கில் வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கேரளத்தில் வாங்கிய ஜாதிச் சான்றிதழை வைத்து அங்கே இட ஒதுக்கீடும் கேட்க முடியாது. ஆகவே கோயம்புத்தூர் இன்ஜினியரிங் கல்லூரி என்றால் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் சீட், அல்லது எட்டிமடை அமிர்தா மாதிரி தனி நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகம். இரண்டிலும் பணம் எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து நாலு வருஷத்துக்கும் கூட்டிப் பாருங்கள், முதல் வருஷ ஃபீஸை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இந்தச் சிக்கல் குறைவு. பி.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி, பி.சி.ஏ. போன்றவற்றுக்கு ப்ளஸ் டூ மார்க்கைப் பார்த்து நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் தனியார் கல்லூரிகள் அங்கே நிறைய.

கேரளப் பக்கம் மாநில இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான கீம் எழுதினால் நம் பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு. பாலக்காடு மாவட்டத்திலேயே ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசு இன்ஜினியரிங் கல்லூரியும், அகத்தேத்தறையில் 1960 முதல் இருக்கும் என்எஸ்எஸ் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டிலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் உண்டு. கீம் ரேங்க்கில் ப்ளஸ் டூவின் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கும் சேரும் என்பதால் போர்டு பரீட்சையை அலட்சியம் செய்ய வேண்டாம். ஜேஇஇ மெயினில் நல்ல மார்க் வந்தால் பாலா ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோட்டயம் ஐஐஐடியில் சைபர் செக்யூரிட்டிக்கென்றே ஒரு பி.டெக் இருக்கிறது. ஆனால் ஃபீஸ் அரசு கல்லூரி அளவுக்கு மலிவு இல்லை. ஒரு கூடுதல் தகவல்: ஜேஇஇ மெயின் வினாத்தாளைத் தமிழிலும் கேட்கலாம். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் கிடைக்கும். கோயம்புத்தூரை மையமாகப் போட்டால் நமக்கு அது ஒரு பஸ் தூரம். கீம் இங்கிலீஷில்தான்.

இன்னொன்று: இ-கிராண்ட்ஸ் மாதிரி கேரள அரசின் உதவித்தொகைகளை நம்பிப் படிக்கிற குடும்பமாக இருந்தால், மாநிலத்துக்கு வெளியே சேர்ந்தால் அது கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் பி.எஸ்சி. என்றால் 2024 முதல் நாலு வருஷ முறை வந்துவிட்டது. மூன்றாம் வருஷ முடிவில் டிகிரியோடு வெளியே வரலாம், நாலாவதும் படித்தால் ஹானர்ஸ். ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டு கவுன்சிலிங் விஷயத்தில் ஏறக்குறைய இதே கதைதான். கீமுக்குப் பதில் அங்கே ஈஏபிசெட் என்ற நுழைவுத் தேர்வு.

தமிழ் மீடியம் பற்றிய பயத்துக்கு வருவோம். பத்தாவது வரை தமிழில் படித்தது இந்தத் துறைக்கு ஒரு குறையே அல்ல. கேரள அரசுப் பள்ளியில் படித்ததில் மகளுக்கு ஒரு லாபமும் இருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இங்கே பள்ளி கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். பள்ளிகளின் கம்ப்யூட்டர் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் தருகிற அந்த சிஸ்டத்தில் ஹைஸ்கூலிலிருந்தே பழகிய பிள்ளைகளுக்கு, கல்லூரியில் முதல் தடவை லினக்ஸைப் பார்த்து மிரளும் மற்றவர்களைவிட ஓர் அடி முன்னால் தொடக்கம் கிடைக்கிறது. செக்யூரிட்டி ஆட்களின் அன்றாடக் கருவிகள் பாதிக்கு மேல் லினக்ஸில்தான் ஓடும். பள்ளியில் அதே கைட் நடத்தும் லிட்டில் கைட்ஸ் கிளப்பில் இருந்திருந்தால் இன்னும் நல்லது. இங்கிலீஷ் எங்கே தேவைப்படும் என்றால், எழுதுவதில். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று குழப்பமில்லாமல் எழுதித் தருகிற ஆளுக்கு எங்கள் இடத்தில் தனி மரியாதை. அலங்கார இங்கிலீஷ் வேண்டாம். "இத்தனை மணிக்கு, இந்தக் கணக்கு, இந்த முகவரியிலிருந்து" என்று எழுதத் தெரிந்தால் போதும். தினம் ஒரு பாரா எழுதிப் பழகினால் நாலு வருஷத்தில் தானாக வந்துவிடும்.

பயிற்சி நிலையத்துக்கு அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். 'வேலை உத்தரவாதம்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். அங்கே சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி காசில்லாமல் கிடைக்கிறது. ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு லினக்ஸ் கமாண்டுகளைப் படிப்படியாகப் பழக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப் பள்ளி மாணவர்களை மனதில் வைத்தே செய்தது. வெப் செக்யூரிட்டிக்கு போர்ட்ஸ்விக்கரின் இலவச அகாடமியைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது. சர்டிபிகேட்டுகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இறுதி வருஷத்தில் செக்யூரிட்டி பிளஸ் மாதிரி ஓர் ஆரம்பநிலைப் பரீட்சை எழுதினால் ரெஸ்யூமேக்குக் கொஞ்சம் கனம் சேரும். ஓஎஸ்சிபி என்பது ஏறக்குறைய ஒரு முழு நாள் ஹேக் செய்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டிய கடினமான பரீட்சை. செலவும் லட்சத்தைத் தாண்டும். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி எழுதட்டும், பல கம்பெனிகளே அதற்குப் பணம் கட்டும்.

மாமியாரின் கேள்விக்கு: சரிப்படும். எங்கள் டீமிலேயே நன்றாக விசாரணை செய்கிறவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். சாக் வேலையில் நைட் ஷிப்ட் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வீட்டு வாசல் வரை வண்டி கொடுக்கிற இடமா, வீட்டிலிருந்து பார்க்க விடுவார்களா என்று சேரும்போது கேட்டுக்கொள்ளலாம். நைட்டே வேண்டாம் என்றால் ஆடிட், இணக்கச் சோதனை (விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது) வேலைகள் பகலில்தான். வங்கிகள் எல்லாம் ரிசர்வ் வங்கியின் 2016 விதிகளுக்குப் பிறகு இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. 2018-ல் புனேயில் காஸ்மாஸ் வங்கியில் இரண்டு மூன்று நாளில் 94 கோடி ரூபாய் போனதிலிருந்து, கூட்டுறவு வங்கிகள்கூட இதைச் சிரித்துவிட்டுத் தள்ளுவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அனுமதி இல்லாமல் யாருடைய சிஸ்டத்திலும் கை வைக்கக் கூடாது. கல்லூரி வெப்சைட்டாக இருந்தாலும், பக்கத்து வீட்டு வைஃபையாக இருந்தாலும், "சும்மா டெஸ்ட் பண்ணினேன்" என்பது செல்லாது. ஐடி சட்டம் 2000-இன் 66-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். இதைவிட எளிதாகப் பிள்ளைகள் மாட்டுவது வேறொரு இடத்தில். "உன் பேங்க் அக்கவுன்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று காலேஜ் வாசலில் கேட்பார்கள். அந்தக் கணக்கில் வருவது யாரோ ஒரு பெரியவரை மிரட்டிப் பிடுங்கிய பணமாக இருக்கும். போலீஸ் முதலில் வருவது கணக்குக்குச் சொந்தக்காரரிடம். செக்யூரிட்டி வேலைக்குச் சேரும்போது பின்னணியைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள், ஒரு வழக்கு இருந்தால் நாலு வருஷப் படிப்பும் வீண். அதே மாதிரி தாய்லாந்தில் ஐடி வேலை என்று டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்கள் பக்கமே போக வேண்டாம். 2022-ல் அப்படிப் போய், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

லேப்டாப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கேமிங் லேப்டாப் தேவையில்லை. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐ5 அல்லது ரைசன் 5 போதும். ஒரே கம்ப்யூட்டருக்குள் இன்னும் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பழக வேண்டியிருக்கும், அதனால் ராமில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அட்மிஷன் முடிந்த பிறகு வாங்கினால் போதும். அதுவரை பேண்டிட்டுக்கு வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரே தாங்கும். மகளை இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள், எங்காவது சிக்கினால் எனக்கு எழுதட்டும்.